கொடி எங்கே என்று கேட்டார் அப்பா

2023 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நேராக, கலிபோர்னியாவின் கடற்கரை ஊரான ஹாஃப் மூன் பேக்குக் காரை விட்டோம். ஊருக்குள் நுழையும் முன்பே சாலையோரம் வரிசையாகப் பூசணித் தோட்டங்கள். ஒன்றின் முன்னால் நிறுத்தியதும் சின்னவனும் பெரியவளும் கதவைத் திறந்து ஓடிவிட்டார்கள். வைக்கோல் பரப்பிய தரையெங்கும் ஆரஞ்சு நிறத்தில் பூசணிகள். கைக்குள் அடங்குவதிலிருந்து இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியது வரை எல்லா அளவிலும் இருந்தன.

அம்மாவோடு ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக உள்ளே நடந்தார். குனிந்து ஒரு காயைப் புரட்டினார். பக்கத்தில் இருந்ததைப் புரட்டினார். மூன்றாவதையும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொடி எங்கே அம்மணி?"

நான் கலிபோர்னியாவுக்கு வந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு அக்டோபரிலும் இப்படி ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய், பிள்ளைகளைப் பூசணிக் குவியலின் மேல் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. உடுமலைக்குப் பக்கத்தில், சாளைக் கூரைமேல் அரசாணிக்கொடி படர்ந்திருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பரங்கிக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்று மற்ற ஊர்களில் சொல்வதைத்தான் நாங்கள் அரசாணிக்காய் என்போம். ஆடிப்பட்டத்தில் வேலியோரம் நாலு விதை ஊன்றிவிட்டால் போதும், தை வரைக்கும் வீட்டுக்குக் காய் இருக்கும். முற்றியதைக் காம்போடு அறுத்து அட்டாலியில் (பரணில்) ஏற்றி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. காம்பு உடைந்த காயை மட்டும் அன்றைக்கே குழம்புக்கு எடுத்துவிடுவார்கள். அப்பாவுக்குக் காய் என்றால் அதன் பின்னால் ஒரு கொடி, கொடிக்குக் கீழே ஒரு மண். வைக்கோல்மேல் தனியாக உட்கார்ந்திருந்த அந்த ஆயிரம் காய்களும் அவருக்கு விடை தெரியாத கணக்கு.

உண்மை என்னவென்றால், இங்கே நாம் போகிற தோட்டங்கள் பலவற்றில் காய்களை முன்பே அறுத்துக் கொண்டுவந்து, மக்கள் நடப்பதற்கு வசதியாக அழகாகப் பரப்பிவிடுகிறார்கள். சில பண்ணைகள் பின்பக்கத்து வயலில் விளைந்ததைப் பரப்பும். சில, வேறு ஊர்களிலிருந்து லாரியில் வரவழைத்ததைப் பரப்பும். கொடி பின்னிக் கிடக்கும் வயலில் குழந்தைகளை விட்டால் கால் தடுக்கி விழுவார்கள் என்பதும் ஒரு காரணம். இதில் தவறு காண நான் வரவில்லை. ஆனால் அறுவடைத் திருவிழா என்று பெயர் சொல்லிக்கொண்டு, அறுவடை நடந்த இடத்தைப் பார்க்காமலே பதினோரு ஆண்டுகள் திரும்பியிருக்கிறேன் என்பது அன்று உறைத்தது.

பெரியவள் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். தோட்டத்தின் ஓரத்தில் தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் அப்பாவை அழைத்துப் போனாள். அந்த மனிதருக்கு ஐம்பது வயதிருக்கலாம். "தோந்தே எஸ்தா லா பிளான்தா?" என்று கேட்டாள். செடி எங்கே இருக்கிறது என்று பொருள். அவர் அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். ஏன் காட்டினார் என்று நான் பிறகும் கேட்கவில்லை. அந்த மனிதர் கையுறையைக் கழற்றிவிட்டு, வாருங்கள் என்று சைகை செய்தார்.

கொட்டகைக்குப் பின்னால் நடந்தோம். வயல் அங்கே இருந்தது. அறுத்து முடித்த வயல். இலைகள் வெண்மையாகச் சாம்பல் நோய் படிந்து கருகியிருந்தன, கொடிகள் கயிறுபோலக் காய்ந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. பசிபிக் கடலின் பனிமூட்டம் மலைச்சரிவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா உட்கார்ந்தார். ஒரு கணுவில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். கணுவிலும் வேர் பிடித்திருக்கிறது என்று பெரியவளுக்குக் காட்டினார். கொடி போகிற வழியெல்லாம் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும், அதனால்தான் ஒரு செடி இவ்வளவு காயைச் சுமக்கிறது என்றார். அவள் அதை ஸ்பானிஷில் சொல்ல முயன்று முடியாமல், விரலால் வேர் மாதிரி செய்து காட்டினாள். அந்த மனிதர் பலமாகத் தலையசைத்தார்.

அவர் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தைச் சேர்ந்தவர். பூசணிக்கு அவர் சொன்ன பெயர் கலபாசா. கொடியின் இளந்தளிருக்குக் கீயா. தளிரையும் பூவையும் போட்டு ஊரில் சூப் வைப்பார்களாம். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மார்கழியில் வாசலில் சாணப் பிள்ளையாருக்கு வைக்கிற பூவை அவர்கள் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்களா என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

வயலின் வேலியோரத்தில், விற்பனைக்கு இல்லாமல் தங்கள் சமையலுக்கென்று அவர்கள் போட்டிருந்த நாலைந்து கொடிகள் இன்னும் பச்சையாக இருந்தன. அவற்றில் ஆரஞ்சு நிறக் காய் இல்லை. தோல் மங்கிய பழுப்பு, ஆழமான வரிகள், மேலே லேசாக மாவு பூத்த மாதிரி சாம்பல். அப்பா நின்றுவிட்டார்.

"இது நம் காய்" என்றார்.

அந்த மனிதர் கத்தியால் காம்போடு ஒன்றை அறுத்து அப்பா கையில் கொடுத்தார். பணம் நீட்டினேன். வாங்கவில்லை.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன். உலகில் மனிதன் பயிரிட்டு வளர்த்த பூசணிக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அதே வஹாக்காவில்தான் இருக்கிறது. கீலா நாக்கிட்ஸ் என்ற குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்குச் சுமார் 10,000 ஆண்டு வயது. மக்காச்சோளத்தைவிடவும் பழைய பயிர். மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து விதைப்பது அமெரிக்கப் பழங்குடிகளின் வழக்கம். சோளத்தட்டில் அவரை ஏறும், அவரை மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும், பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும்.

நம்மிடம் இந்தக் காய் வந்த வழி அதன் பெயரிலேயே இருக்கிறது. பரங்கியர் என்று நாம் அழைத்த போர்ச்சுக்கீசியர்களின் கப்பல் வழியே வந்ததால் பரங்கிக்காய். கோயிலில் படைக்கிறோம், பொங்கலுக்கு வைக்கிறோம், மார்கழி வாசலில் பூவைச் செருகுகிறோம். ஐந்நூறு ஆண்டுகளுக்குள் அது முழுக்க நம்முடையதாகிவிட்டது. இதில் என்னை வியக்கவைத்த இன்னொன்று: ஹாஃப் மூன் பேயிலும் 19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து போர்ச்சுக்கீசியர்கள் வந்து குடியேறினார்கள், பக்கத்துத் துறையில் திமிங்கிலம் பிடித்தார்கள். அவர்களுடைய சமூகக் கூடம் இன்றும் மெயின் ஸ்ட்ரீட்டில் நிற்கிறது. பரங்கியர் ஊரில் பரங்கிக்காய்த் திருவிழா. அப்பாவிடம் காலையில் இதைச் சொன்னேன். "அப்படியானால் அது தன் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நாம்தான் தூரத்தில் இருக்கிறோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாவுக்குப் போனோம். நவராத்திரியின் முதல் நாள். ஹாஃப் மூன் பேயில் பூசணித் திருவிழா 1971இல் தொடங்கியது. ஊரின் பிரதான வீதியைச் சீர்ப்படுத்தப் பணம் திரட்டுவதற்காக ஊர்க்காரர்களே ஆரம்பித்த விழா. 2020இல் மட்டும் பெருந்தொற்றால் நின்றது. நாங்கள் இருக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து சான் மடேயோ பாலத்தைக் கடந்து, 92ஆம் எண் சாலையில் மலை ஏறி இறங்கினால் ஊர். சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். திருவிழா ஞாயிறன்று மலை ஏறத் தொடங்கிய இடத்திலேயே கார்கள் நின்றுவிட்டன. காலை ஏழரைக்குக் கிளம்பியதால் தப்பித்தோம். பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டைக் காரிலேயே கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

வீதியின் நடுவே, வைக்கோல் கட்டுகளால் சூழப்பட்டு அது இருந்தது. திருவிழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை அதே ஊரில் நடந்த எடைப் போட்டியில் வென்ற பூசணி. மின்னசோட்டா மாநிலத்தின் அனோகா ஊரைச் சேர்ந்த தோட்டக்கலை ஆசிரியர் டிராவிஸ் கிங்கர் வளர்த்தது. எடை 2,749 பவுண்டு, அதாவது 1,247 கிலோ. அன்றைய உலகச் சாதனை. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். (அந்தச் சாதனையை 2025இல் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்கள் 2,819 பவுண்டுக் காயால் முறியடித்தார்கள்.)

படங்களில் பார்க்கும் உருண்டை வடிவம் அதற்கு இல்லை. தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் ஒரு பக்கம் சரிந்து, எருமை படுத்திருப்பதுபோல் கிடந்தது. சின்னவன் அதன் முன்னால் போய் நின்றபோது இன்னும் சின்னவனாகத் தெரிந்தான். நான் அப்பாவுக்கு விளக்கினேன்: ஒரு செடியில் ஒரே ஒரு காயைத்தான் விடுவார்கள், மற்ற பிஞ்சுகளைக் கிள்ளிவிடுவார்கள், கொடியின் ஒவ்வொரு கணுவையும் மண்ணில் புதைத்து வேர் பிடிக்கவைப்பார்கள், உச்ச வளர்ச்சியின்போது ஒரே நாளில் இருபது கிலோ வரை ஏறும். அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மனிதர் கோடை முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார்" என்றார். அத்தனை கூட்டத்தில் அந்தக் காயைப் பார்த்து, வளர்த்தவரின் தூக்கத்தை நினைத்தவர் வேறு யாராவது இருந்திருப்பார்களா தெரியவில்லை.

வியாழக்கிழமை சந்தித்தவருக்காக அம்மா ஒரு டப்பா முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தார். திரும்பும் வழியில் அந்தத் தோட்டத்தில் நிறுத்திக் கேட்டோம். அவர் அன்று வேலைக்கு வரவில்லை. வேறு பண்ணைக்குப் போயிருக்கலாம் என்றார்கள். டப்பாவை அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே ஆண்டு ஜனவரி 23 அன்று ஹாஃப் மூன் பேயின் இரண்டு பண்ணைகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், அங்கே வேலை செய்த ஏழு பேர் இறந்தார்கள். சீனாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்கள். அதன் பிறகுதான் பண்ணைத் தொழிலாளர்கள் எப்படிப்பட்ட குடிசைகளிலும் நகரும் வண்டிகளிலும் வாழ்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. எங்கள் ஊரில் பட்டிப் பொங்கலன்று, தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் வந்து நின்ற பிறகுதான் பொங்கலை இறக்குவார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மரியாதை இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவித்தவர்களின் முகம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. இங்கே என் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகம். அதுவும் அப்பா கேட்டதால்.

அடுத்த வாரம் முழுக்க வீட்டில் பூசணிப் பேச்சு. நாங்கள் வாங்கிய நான்கில் இரண்டு, ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்குவதற்கான பெரிய காய்கள். சின்னவன் கத்தியை எடுத்ததும் அப்பா எழுந்து மொட்டை மாடிக்குப் போகிறவர் மாதிரி பின்வாசலுக்குப் போய்விட்டார். சாப்பிடுகிற காயைக் குடைந்து வாசலில் அழுகவிடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அம்மாதான் சமாதானம் சொன்னார். "ஆயுத பூஜைக்கு நீங்கள் நடுரோட்டில் பூசணியைப் போட்டு உடைப்பதில்லையா? புது வீடு கட்டும்போது மீசை வரைந்து தொங்கவிடுவதில்லையா? அவர்களுக்கும் ஏதோ ஒரு திருஷ்டி." அம்மா சொன்னது தோராயமாகச் சரிதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கத்தை அங்கிருந்து வந்தவர்கள் அமெரிக்காவில் பூசணிக்கு மாற்றிக்கொண்டார்கள். கெட்டதை விரட்டும் முகம் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது.

ஒரு உடன்பாடு ஏற்பட்டது. செதுக்கலாம், ஆனால் விதை ஒன்றுகூட வீணாகக் கூடாது. விதைகளைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்துத் தின்றோம். முகங்கள் வாசலில் ஒரு வாரம் இருந்தன, பிறகு மட்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டிக்குப் போயின.

அம்மா செதுக்குகிற காயின் சதையைக் கொஞ்சம் எடுத்துப் பொரியல் செய்து பார்த்தார். நாராக, சப்பென்று இருந்தது. அதில் அம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது. செதுக்குகிற வகைகள் குக்குர்பிட்டா பெப்போ என்ற இனம். நிறத்துக்கும் உறுதியான காம்புக்கும் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. உலகச் சாதனைக் காய் குக்குர்பிட்டா மாக்ஸிமா. நம் அரசாணிக்காய் பெரும்பாலும் குக்குர்பிட்டா மொஸ்காட்டா. இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் ஊரில் டப்பாவில் அடைக்கிறார்களே, அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாள் பைக்குப் போகிற டிக்கின்சன் பூசணி, அதுவும் மொஸ்காட்டாதான். கடையில் பட்டர்நட் என்ற பெயரில் சுரைக்காய் மாதிரி இருப்பதும் அதே இனம். இந்த நாட்டில் பரங்கிக்காய் கிடைக்கவில்லை என்று ஏங்குகிறவர்கள் பட்டர்நட்டை வாங்குங்கள். வாசலில் வைக்கிற ஆரஞ்சுக் காயில் கூட்டு வைத்துவிட்டு, அமெரிக்கப் பூசணிக்கு ருசியில்லை என்று சொல்லாதீர்கள்.

வேலியோரக் காயை அம்மா கடைசியாகத்தான் அறுத்தார். கத்தி இறங்கியதும் வந்த வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. உள்ளே அடர்ந்த மஞ்சள். தட்டைப்பயறு வேகவைத்து, அரசாணிக்காயைத் தோலோடு பெரிய துண்டுகளாகப் போட்டு, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தாளித்து, கடைசியில் தேங்காயும் ஒரு கட்டி வெல்லமும். அப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பெரியவள் தட்டை வழித்துவிட்டு, "அப்புச்சி, இதுதான் அந்த அங்கிள் தந்த காயா?" என்று கேட்டாள்.

மற்றொரு வார இறுதியில் சாக்ரமெண்டோ போகும் வழியில் டிக்சன் ஊருக்கும் போனோம். 2014இல் கின்னஸ் பதிவு பெற்ற 60 ஏக்கர் சோளக்காட்டுப் புதிர்ப்பாதை அங்கேதான் இருந்தது. பிள்ளைகள் வழி தேடி ஓடினார்கள். அப்பா ஒவ்வொரு தட்டாக நின்று இலையைத் திருப்பிப் படைப்புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2018இல் இந்தியாவுக்குள் வந்து, அந்த ஆண்டே எங்கள் பக்கத்து மக்காச்சோளத்தை அழித்த புழு அது. அப்பாவின் மூன்று ஏக்கரும் அதில் போயிருந்தது. "பரங்கிக்காயும் மிளகாயும் மக்காச்சோளமும் கொடுத்த ஊர், புழுவையும் கொடுத்துவிட்டது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முடிந்தால் வார நாளில், பள்ளி முடிந்த கையோடு போங்கள். உங்கள் ஊரில் வெயில் அடித்தாலும் ஹாஃப் மூன் பேயில் கடற்காற்று குளிரும்; பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். காயைக் காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் கை கொடுங்கள். நகத்தால் அழுத்தினால் தோல் பதியாத காய் முற்றிய காய். ரயில் வண்டி, குதிரைச் சவாரி, ஊதிய ரப்பர் கோட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனி டிக்கெட். எங்கள் சின்னவனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தள்ளுவண்டியில் காய்களோடு தானும் உட்கார்ந்து வந்தது, அதற்குக் காசில்லை. இன்னும் ஒன்று: பரப்பி வைத்திருப்பதைப் பார்த்த பிறகு, வயல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் காட்டுகிறார்கள்.

நவம்பரில் அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பினார்கள். உரிய அனுமதி இல்லாமல் விதையை நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது என்பதால், வேலியோரக் காயின் விதைகளை அப்பா சாம்பலில் புரட்டிக் காயவைத்து, காகிதத்தில் மடித்து, பெரியவளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மே மாதம் மண் சூடான பிறகு பின்கட்டில் ஆறு விதை ஊன்றினோம். நான்கு முளைத்தன. ஜூலையில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. எல்லாம் ஆண் பூ. காய் பிடிக்கவில்லை என்று பெரியவள் அழுதாள். காலை ஆறரைக்கு, ஊரில் மாலை ஏழு, வீடியோவில் அப்பாவை அழைத்தோம். முதலில் ஆண் பூதான் வரும், அவசரப்படக் கூடாது என்றார். பத்து நாள் கழித்து, அடியில் குட்டிக் காயோடு ஒரு பெண் பூ விரிந்தது. மறுபடி அழைத்தோம். ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள தண்டைப் பெண் பூவுக்குள் மெதுவாகத் தடவு கண்ணு என்று சொல்லிக்கொடுத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் காம்பு காய்ந்து, தோல் பழுப்பேறியது. அவளே கத்தரிக்கோலால் காம்போடு அறுத்தாள். தாய்க்காய் போலவே வரும் என்று உறுதியில்லை, அந்த வேலியோரத்தில் தாய்க்காய் பிடித்தபோது வேறு வகையின் மகரந்தமும் சேர்ந்திருக்கலாம். அதனால் தூக்கிக்கொண்டு ஓடிவந்து செல்பேசியின் முன்னால் வைத்தாள்.

திரையில் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கீழே புரட்டிக் காட்டு கண்ணு" என்றார். "மண் தொட்ட இடத்தைப் பார்க்கிறேன்."